இயற்கை கேள்வி-பதில்: எண்ணியதையே எண்ணுவது ஏன்?

கேள்வி: கோடியக்கரைக் காட்டில் சிலர் ஆண்டுதோறும் வந்து, அதே இடங்களில் நின்று, அதே பறவைகளை எண்ணிவிட்டுப் போகிறார்கள். ஒருமுறை எண்ணிப் பட்டியல் போட்டால் போதாதா?
- வாசகி, வேதாரண்யம்

பதில்: போதாது அம்மா. காட்டில் என்னென்ன பறவைகள் உண்டு என்பதைத்தான் பட்டியல் சொல்லும். பெருகுகின்றனவா, அருகுகின்றனவா என்று சொல்லாது. 1967இல் சரணாலயமான அந்தக் காட்டைச் சும்மா விட்டுவைக்கவில்லை. வனத்துறை சீமைக்கருவேலத்தை வெட்டுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து தன் பங்குக்கு மரங்களைச் சாய்த்தது.

எண்ணுகிறவர்கள் விடிந்ததும் ஒரு பாலை மரத்தடியில் சில நிமிடங்கள் அசையாமல் நிற்பார்கள். காரையும் சூரையும் பின்னிக் கிடக்கும் புதரில் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை. மாம்பழச்சிட்டின் சீழ்க்கை நீண்டு வந்து பட்டென்று இறங்கும். அதைக் கேட்டே ஒன்று என்று குறிப்பார்கள், எத்தனை மீட்டர் தொலைவில் என்பதையும் சேர்த்து. அந்தத் தொலைவு முக்கியம். சீமைக்கருவேலத்தை வெட்டிய மறுமாதமே பறவைகள் பெருகிவிட்டன என்று மார்தட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை. மறைப்பு போனால் தொலைவில் இருப்பதும் கண்ணில் படும், அவ்வளவுதான்.

மொத்த வகைகளின் கணக்கும் ஏமாற்றும். நிழலில் சருகைப் புரட்டி இரை தேடும் ஆறுமணிக்குருவி போய், வெட்டவெளியை விரும்பும் கரிச்சான் வந்தால் கூட்டுத்தொகை மாறாது, காடு மாறியிருக்கும். ஆறுமணிக்குருவியோ வடக்கே குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வலசை வருவது. ஓர் ஆண்டு அது குறைந்தால் பழி நம் காட்டின்மேலா, வடக்கின்மேலா? சீமைக்கருவேலம் வெட்டாத துண்டிலும் அதேபோல் குறைந்திருந்தால் வெட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது. இதைப் பிரித்துப் பார்க்கத்தான் பல ஆண்டுக் கணக்கு வேண்டும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவையியலாளர் சாலிம் அலி காலத்திலிருந்தே அங்கே பறவைகளின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டி விடுவதும் இதுபோன்ற பொறுமையான வேலைதான்.

கேள்வி: வடுவூர் ஏரியில் எங்கள் பள்ளிப் பிள்ளைகளும் எண்ணலாமா?
- ஆசிரியர், மன்னார்குடி

பதில்: தாராளமாக. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேருங்கள். கால் மணி நேரம் நின்றால் போதும். ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்பதையும் எழுதச் சொல்லுங்கள். தண்ணீர் வற்றிய ஆண்டில் வாத்து குறைந்தால் யாரும் பதற வேண்டாமே! ‘பெயர் தெரியாத வாத்து’ என்று உள்ளபடி எழுதும் பிள்ளைக்கு ஒரு மிட்டாய் கூடுதலாகக் கொடுங்கள்.