சோடனையில் மிச்சம் பிடியுங்கள், மேளத்தில் வேண்டாம்

தங்கச்சி, ஆவணியில் 150 பேருடன் கல்யாணம், மண்டபமும் சோடனையுமே கையிலுள்ள காசில் பாதியை விழுங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் மண்டபத்தை விடுங்கள். தாலிகட்டை ஊர்க் கோவிலில் வைத்து, பக்கத்து மடத்திலேயே மரக்கறிச் சாப்பாட்டைப் பந்தியில் பரிமாறலாம். ஆவணி அமாவாசை வரை யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசாமி கோவில் திருவிழாச் சனம் இருக்கும். அதற்குப் பிறகு வரும் முகூர்த்தம் என்றால் எல்லாருக்கும் வசதி.

பிளாஸ்டிக் பூச்சுவர் வேண்டவே வேண்டாம். வாசலில் குலையோடு இரண்டு வாழை, தென்னங்குருத்துத் தோரணம், கோலத்தின் மேல் நிறைகுடம், இரு பக்கமும் குத்துவிளக்கு. குருத்தின் அந்த வெளிர்மஞ்சள் படத்தில் எவ்வளவு அழகாக விழும் தெரியுமா! முதல்நாளே கட்டினால் வாடிவிடும், விடியவே கட்டச் சொல்லுங்கள்.

மிஞ்சும் காசை மேளத்துக்குக் கொடுங்கள். இணுவில், அளவெட்டிப் பக்கம் அருமையான நாதஸ்வர, தவில் கலைஞர்கள் இருக்கும்போது ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவதை என்னால் ஏற்கவே முடியாது. ஒரு கல்யாணத்துக்குக் களை தருவதே கெட்டிமேளம்தான்.

தாலிகட்டுக்கு உடுக்கும் கூறைச் சேலையை மட்டும் புதிதாக எடுங்கள். மாற்றுச் சேலையை அக்காமாரிடம் இரவல் வாங்கலாம். சரி, மடத்தை இந்தக் கிழமையே போய்க் கேளுங்கள், ஆவணிக்கு வேறு யாராவது சீக்கிரம் பதிந்துவிடுவார்கள்.