கால்நடை டாக்டர் பதில்கள்: மாட்டு நாக்கு ஃபாரின் போகுமா?

கேள்வி: டாக்டர் சார், எங்களிடம் மூன்று கறவை மாடுகள். போன மாதம் ஒன்றுக்கு வாயெல்லாம் கொப்புளம், எச்சில் கயிறு மாதிரி ஒழுகியது, காலும் நொண்டியது. கோமாரி மாதிரி இருக்கிறது என்று நாக்கிலிருந்து கொஞ்சம் தோலை எடுத்துக்கொண்டு போனார்கள். 'தேவைப்பட்டால் வெளிநாட்டு லேப் வரைக்கும் போகும்' என்றார் எடுத்தவர். மாதவரத்தில் இவ்வளவு பெரிய கால்நடைப் பல்கலைக்கழகத்தை வைத்துக்கொண்டு எதற்கு ஃபாரின்? (வாசகி, கொருக்குப்பேட்டை)

பதில்: உங்கள் மாட்டு நாக்கு ஃபாரினெல்லாம் போகாதும்மா. கோமாரியா இல்லையா என்று சொல்ல நம் ஊர் லேபில் செய்யும் எலைசா, பிசிஆர் டெஸ்டுகளே தாராளமாகப் போதும், கோமாரிக்கென்றே புவனேஸ்வர் பக்கத்தில் தேசிய ஆய்வகமும் இருக்கிறது. சிக்கல் 'எந்தக் கோமாரி' என்பதில்தான். இந்த வைரஸில் ஏழு வகை உண்டு. நமக்குப் போடும் ஊசியில் ஓ, ஏ, ஏசியா 1 என்று மூன்றுதான் இருக்கிறது, ஒரு வகைக்குப் போட்ட ஊசி இன்னொரு வகையைத் தடுக்காது. அதுபோதாதென்று ஒரே வகைக்குள்ளேயும் வைரஸ் கொஞ்சம் கொஞ்சமாக முகம் மாற்றிக்கொண்டே இருக்கும். ஊசி போட்ட மாட்டுக்கே கோமாரி வந்துவிட்டது என்று நீங்கள் எல்லாரும் என்னைத் திட்டுவீர்களே, அதற்குப் பல காரணங்களில் இதுவும் ஒன்று.

இங்கிலாந்தில் பிர்பிரைட் என்று ஒரு ஊர். 1958-இலிருந்து கோமாரிக்கான உலக ஆய்வகம் அங்கேதான். பல நாட்டு வைரஸ்களும் அவற்றின் மரபணு வரிசைகளும் அங்கே சேர்ந்து கிடக்கின்றன. இங்கே கிடைத்த வைரஸை அந்தக் குவியலோடு வைத்துப் பார்த்தால்தான் இது எந்த வழியில் வந்தது, நம் ஊசிக்கு அடங்குமா என்று தெரியும். வந்த வழியைப் பார்க்கப் பெரும்பாலும் மரபணு வரிசை போனாலே போதும், ஊசிக்கு அடங்குமா என்று பார்க்க எப்போதாவது தேர்ந்தெடுத்த சில மாதிரிகள் போகும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, எனக்குப் பிடித்தது இதுதான். கறிக்கடைத் தராசுக்கு முத்திரை போடுகிறார்கள் இல்லையா, அந்த மாதிரி லேபுக்கும் போட வேண்டும். பெரிய ஆய்வகம் வெறும் நம்பர் மட்டும் எழுதிய குப்பிகளை நாடு நாடாக அனுப்பும். எதில் வைரஸ், எதில் ஒன்றுமே இல்லை என்று அனுப்பியவருக்குத்தான் தெரியும். வாங்கிய லேப் தன் கையாலேயே சோதித்துப் பதில் எழுத வேண்டும். தப்பாகச் சொன்ன லேப் எங்கே தப்பு என்று தேடியாக வேண்டும்: டெஸ்ட் கிட்டிலா, குளிர்சாதனப் பெட்டியிலா, ஆளிடமா என்று. உலக விலங்கு சுகாதார அமைப்பு 2006-இலிருந்து இப்படி ஒரு தேர்ந்த லேபையும் வளரும் லேபையும் ஜோடி சேர்த்துவிடுகிறது. அங்கிருந்து ஆள் வருவார், இங்கிருந்து ஆள் போய்க் கற்றுக்கொண்டு வருவார்.

ஆனால் எல்லாம் உங்கள் தொழுவத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஒரு தடவை ஒருவர் நாக்குத் தோலை அழகாக வெட்டி, லேபிள் ஒட்டி, ஃபார்மலினில் போட்டுக் கொண்டுவந்தார். வாசனையிலேயே தெரிந்துவிட்டது. ஃபார்மலின் வைரஸைக் கொன்றுவிடும், அதற்கப்புறம் அதை வளர்க்க வழியே இல்லை. இந்த வைரஸுக்குப் புளிப்பும் ஆகாது, அதனால்தான் புளிப்பு ஏறாமல் பார்த்துக்கொள்ளும், கிளிசரின் கலந்த தனி பஃபர் திரவம், அதுவும் ஐஸில். சித்திரை வெயிலில் பேசின் பாலம் டிராஃபிக்கில் ஐஸ் உருகிப்போனால் பிர்பிரைட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போதைக்கு அந்த மாட்டைத் தனியாகக் கட்டுங்கள், அதன் பாலைக் கடைசியாகக் கறங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் சலவை சோடா கரைத்துத் தரையைக் கழுவுங்கள்.

கேள்வி: வெள்ளைக்காரனுக்கு நம்ம ஊர் வைரஸ் எதற்கு? மருந்து செய்து நம்மிடமே விற்கவா? (வாசகர், காசிமேடு)

பதில்: சந்தேகம் நியாயமானதுதான். மாதிரி வெளியே போனால் அது யாருடையது, அதில் வரும் லாபத்தில் நமக்கு என்ன பங்கு என்று முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் 2002-லேயே பல்லுயிர்ச் சட்டம் வந்துவிட்டது. எழுதாமல் அனுப்புவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் அவர்கள் தர்மத்துக்குச் செய்யவில்லை, பயத்தில் செய்கிறார்கள். 1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலில் போன மாடுகள் நடுவில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கின, மாட்டைக் கொல்லும் வெக்கை நோயும் (ரிண்டர்பெஸ்ட்) கூடவே இறங்கியது. அந்த அதிர்ச்சியில்தான் 1924-இல் 28 நாடுகள் சேர்ந்து, மேலே சொன்ன உலக விலங்கு சுகாதார அமைப்பைப் பாரிஸில் தொடங்கின. கோமாரியிலும் இதே கதைதான். இந்தியாவில் 2001-இல் கண்டதால் 'இந்த்-2001' என்றே பெயர் பெற்ற ஒரு வைரஸ் வழி, 2013, 2014 வாக்கில் லிபியா, அல்ஜீரியா வரை போய்விட்டது. மரபணுவை ஒப்பிட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். ஹார்பர் பக்கம் வளர்ந்த உங்களுக்குச் சரக்கு எப்படிப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: ஆடுகளுக்கு மூக்கில் சளி, வாயில் புண், அப்புறம் கழிச்சல். ஐந்து செத்துவிட்டன. ஆட்டுக்கொல்லி என்கிறார்கள், டெஸ்ட் எடுத்தே ஆகணுமா? (வாசகர், செங்குன்றம்)

பதில்: எடுங்கள். ஆப்பிரிக்காவில் 1942-லேயே பதிவான இந்த நோய் நம் நாட்டில் இருப்பது 1987-இல்தான் தெரிந்தது, அதுவும் நம் விழுப்புரம் பக்கத்து அரசூரில். அதுவரை ஆடு இப்படிச் செத்தால் வெக்கை என்றே எழுதிவைத்தோம். இரண்டும் ஒரே குடும்பத்து வைரஸ், பழைய பரிசோதனைகளில் ஒன்று இன்னொன்றாகத் தெரியும். பிரித்துக் காட்டும் டெஸ்ட் வந்ததால்தான் குட்டு உடைந்தது. அரசூரில் எடுத்த அதே வைரஸை வைத்துத்தான் பிறகு மாதவரம் பல்கலைக்கழகத்துக்காரர்கள் தடுப்பூசியே செய்தார்கள். வெக்கை 2011-இல் உலகத்தை விட்டே போய்விட்டது, இதை 2030-க்குள் ஒழிப்பது என்று குறி வைத்திருக்கிறார்கள்.

செத்த ஆட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். கழிச்சல் தொடங்குவதற்கு முன், காய்ச்சல் அடிக்கும் ஆட்டின் கண்ணிலும் மூக்கிலும் பஞ்சுக்குச்சியால் எடுத்தால்தான் வைரஸ் நன்றாகச் சிக்கும். 1962-க்கு போன் போடுங்கள், வண்டி வரும். மீதி ஆடுகளைச் சந்தைக்கு ஓட்டிவிடாதீர்கள், அதைத்தான் எல்லாரும் முதலில் செய்கிறார்கள்.