காலி ஹோட்டலும் மாத்தளைப் பாதையும்

அன்புள்ள ஐயா,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். போன தவணை முடிவில் பிள்ளைகளைக் காலிக்குக் கூட்டிப்போனோம். கோட்டைக்குள்ளே டச்சுத் தேவாலயத்துக்குப் பக்கத்தில் நீண்ட விறாந்தை வைத்த பழைய ஹோட்டல் ஒன்று இருக்கிறது. வெளியே நின்றுதான் பார்த்தோம். "டீச்சர், அந்தக் காலத்துத் தொரைமாருங்க இங்கதான் தங்குனாங்களா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கட்டடத்துக்கும் நமக்கும் சம்பந்தம் உண்டா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

நல்ல கேள்வி கேட்ட பிள்ளை. ஆமாம், அப்படிப்பட்ட துரைமார் தங்கிய ஊர்தான் அது.

கட்டடம் டச்சுக்காரர் காலத்தது, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. 1860களில் ஹோட்டலானது. நியூ ஓரியண்டல் என்ற பெயரில் நூறு வருடத்துக்கு மேல் நடந்து, இப்போது அமன்கல்ல என்ற ஆடம்பர ஹோட்டலாக இருக்கிறது. அப்போது இலங்கையின் பெரிய கப்பல் துறைமுகம் கொழும்பு இல்லை, காலிதான். இங்கிலாந்திலிருந்து வந்த நீராவிக் கப்பல்கள் அங்கேதான் நின்றன. கோப்பித் தோட்டம் போட வந்த வெள்ளைக்காரர்களில் பலர் முதலில் கால் வைத்ததும் காலியில்தான். லண்டன் செய்திகூட அந்த வழியாகத்தான் வந்தது. தந்தி வருவதற்கு முன், 1850களில், கொழும்புப் பத்திரிகை ஒன்று கப்பலில் வந்த செய்தியைப் புறாக் காலில் கட்டிக் காலியிலிருந்து பறக்கவிட்டது.

அப்புறம் காலித் துறைமுகமும் கோப்பியும் ஏறக்குறைய ஒன்றாகவே சரிந்தன. 1869இல் மடுல்சீமையில் கோப்பி இலையில் துரு நோய் தெரிந்தது. பதினைந்து இருபது வருடத்தில் கோப்பி முடிந்தது. 1875இல் கொழும்பில் அலைதாங்கிக்கு, அதாவது துறைமுகத்துக்குள் அலை வராமல் தடுக்கும் கடல் சுவருக்கு, அடிக்கல் நாட்டினார்கள். 1880களில் கப்பல்கள் கொழும்புக்கு மாறின. காலி ஓய்ந்துபோனது. மலையில் தேயிலை வந்தது.

ஆனால் இது கதையில் பாதிதான். அதே காலத்தில் தோட்ட வேலைக்கு வந்த நம்முடைய ஆட்கள் எங்கே தங்கினார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லாமல் விட்டால், அந்த ஹோட்டலின் வரலாற்றைச் சொல்லி என்ன பயன்? மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கங்களிலிருந்து ஆள் சேர்த்துக் கூட்டிவந்த கங்காணியின் பின்னால் வந்தவர்கள் தோணியில் மன்னார்க் கரைக்கு வந்தார்கள். அங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல். முழுக்க நடை, பெரும்பகுதி காடு. தண்ணீர் கிடைப்பது அரிது. வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே எத்தனையோ பேரைக் கொண்டுபோயின. நடக்க முடியாதவரை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். இதை எழுதும்போதே நெஞ்சு அடைக்கிறது. பிற்பாடு அரசாங்கம் அந்த வழியில் கொட்டகைகள் போட்டது, கிணறு வெட்டியது, ஆஸ்பத்திரி வைத்தது. மாத்தளைக்கு உயிரோடு வந்து சேர்ந்தவர்கள்தான் கண்டிச் சீமைத் தோட்டங்களுக்குப் பிரிந்துபோனார்கள்.

நம்முடைய வாடிவீடுகள் அந்தக் கொட்டகைகள்தான். ஓலையும் கம்பும் எத்தனை நாளுக்கு நிற்கும்? துரை படுத்த கட்டடம் கல்லால் ஆனது, அதனால் இன்றைக்கும் நிற்கிறது. காலிக் கோட்டை 1988இல் உலக மரபுரிமைச் சின்னமானது, அது நியாயமே. ஆனால் மன்னாரிலிருந்து மாத்தளை வரை இந்தச் சனம் தங்கிய இடங்களுக்கு மைல்கல் மாதிரி ஒரு கல்லாவது நட வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. இரண்டையும் ஒரே பாடத்தில் சொல்லிக்கொடுங்கள் என்பதுதான் நான் உங்களிடம் கேட்பது.

ஒரு வேலையும் கொடுக்கலாம். அந்த நடை பிற்பாடு இல்லாமல் போனது. 1914இல் தனுஷ்கோடி, தலைமன்னார் கப்பலும் ரயிலும் வந்தன. தங்கள் பூட்டன் பூட்டி எந்த ஊரிலிருந்து வந்தார்கள், நடந்தா, ரயிலிலா, யார் கங்காணி என்று ஒவ்வொரு பிள்ளையும் லயத்தில் இருக்கும் பெரியவர்களிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதட்டும். பேச்சு வழக்கிலேயே எழுதட்டும், திருத்த வேண்டாம். பிள்ளைகளும் வீட்டாரும் சம்மதித்தால் எனக்கு அனுப்புங்கள். ஒன்று விடாமல் இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்