பல வருடம் முன் விடுதியில் குழந்தைக்கு நடந்த பாலியல் கொடுமைக்கு அந்த நிறுவனம் பொறுப்பாகுமா?

பல வேளைகளில் ஆகும். ஊழியர் செய்த தவறுக்கு அவரை வேலைக்கு வைத்தவரும் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் முதலாளிப் பொறுப்பு. பினாங்குப் பாலத்தில் ரொட்டிக்கடை வேன் மோட்டார் சைக்கிளை இடித்தால், ஓட்டுநரோடு கடைக்காரரும் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாவதைப் போல. காரணம் எளிது: பிள்ளைகள் தூங்கும் அறையின் சாவியை வார்டன் கையில் கொடுத்ததே நிர்வாகம்தான். "இதற்காகவா அவரை வேலைக்கு வைத்தோம்?" என்ற வாதம் 2001-லேயே, ஒரு விடுதி வார்டன் வழக்கில், அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையில் எடுபடவில்லை.

சிக்கல் காலக்கெடுவில்தான். இங்கே தீபகற்ப மலேசியாவில் 1953 காலவரம்புச் சட்டப்படி நஷ்டஈடு வழக்குக்கு 6 வருடம். சிறுவருக்கு அந்தக் கணக்கு 18 வயதில்தான் தொடங்கும். அரசு அமைப்பு என்றால் கெடு இன்னும் குறுகியது. நாற்பது வயதில்தான் வாய் திறக்க முடிந்தவருக்கு இது பெரிய அநியாயம், மாற்றியே ஆக வேண்டும்.

பலர் நினைப்பதற்கு மாறாக, இந்தக் கெடு போலீஸ் புகாருக்குக் கிடையாது. இருபது வருடம் கழித்தும் செந்தூல் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுக்கலாம்.