ஏணியும் சேர்ந்ததுதான் கட்டில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உயரக் கட்டில்களைப் பற்றியவை. வாடகை வேனுக்குள் பலகை மேடை அடித்தவர்களும், தோட்டத்து வரிசை வீடான லயத்தின் காம்பராவுக்கு இரும்பு அடுக்குக் கட்டில் வாங்கியவர்களும் கேட்பது ஒரே விடயத்தைத்தான் என்பதால் அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: உயரக் கூரை கொண்ட பழைய டொல்பின் வேன் ஒன்றைப் படுக்கை வசதியோடு மாற்றி, எல்ல என்ற மலையூரைப் பார்க்க வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். கீழே சாமான் வைப்பதற்காகக் கட்டிலை மூன்றடி உயரத்தில் அடித்தோம். ஏணி வேறு கணக்கு என்று கராஜில் சொன்னதால், நாங்களே குழாய் ஏணி ஒன்றை வாங்கிக் கொளுவினோம். சென்ற மாதம் அதிகாலையில் இறங்கும்போது வழுக்கி, வயதான அம்மையார் ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. என்ன செய்யலாம்? (அப்புத்தளை)

பதில்: முதலில் அந்த அம்மையாரின் மருத்துவச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் வாகனத்தை நம்பிக் காசு கொடுத்துப் படுத்தவர் அவர்.

அடுத்து, “ஏணி வேறு கணக்கு” என்ற அந்தச் சொல்லுக்கு வருகிறேன். எனக்கு நெடுநாளாக ஆறாத கோபம் இதில் உண்டு. மூன்றடி உயரத்தில் ஒரு படுக்கையை அடித்துக் கொடுப்பவர், மனிதர் அதில் ஏறி இறங்கும் வழியையும் சேர்த்தே செய்து கொடுக்க வேண்டும். படி இல்லாமல் வீடு கட்டிக் கொடுத்துவிட்டுப் படிக்குத் தனி விலை கேட்கும் மேசனை நாம் எவரும் ஏற்கமாட்டோம். ஆனால் கட்டில் என்று வரும்போது வாங்குபவர் மெத்தையையும் பலகையையும் தட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்துவிடுகிறார். ஏணி கடைசியில், மிச்சக் காசுக்கு, கிடைத்த குழாயில் ஒட்டப்படுகிறது.

உருண்டைக் குழாய்ப் படியில் வெறுங்காலால் நின்றால், உடம்பின் முழுப் பாரமும் பாதத்தின் நடுவில் ஒரு கோடாக இறங்குகிறது; அந்த வலியில் கால் தானாகவே நகர்கிறது, நகரும் இடத்தில் குழாய் உருண்டையாக இருப்பதால் பிடிப்பில்லை. ஆகவே படி தட்டையாக, குறைந்தது மூன்று அங்குல அகலத்தோடு, மேலே இறப்பர் பட்டி ஒட்டப்பட்டதாக இருக்க வேண்டும். உங்கள் ஊரின் குளிரில் இது இன்னும் முக்கியம். இரவு முழுவதும் மூடிய வேனுக்குள் இரண்டு பேர் விடும் மூச்சின் ஈரம், குளிர்ந்த இரும்பில் முத்து முத்தாகப் படிந்திருக்கும். விடியற்காலையில் முதலில் இறங்குபவரின் கால் அந்த ஈரத்தில்தான் படுகிறது. கண்ணாடியை ஓர் அங்குலம் திறந்து வைப்பதும், கம்பளிக் காலுறையோடு எவரையும் இறங்க விடாதிருப்பதும் செலவில்லாத காரியங்கள்.

ஏணி செங்குத்தாகத் தொங்கினால் ஏறுபவர் கைகளாலேயே தன்னைத் தாங்க வேண்டியிருக்கிறது. சாத்தும் ஏணிக்கு உலகெங்கும் சொல்லப்படும் கணக்கு, நான்கடி உயரத்துக்கு ஓரடி அடிப்பக்கம் வெளியே வர வேண்டும் என்பது. உங்கள் மூன்றடிக்கு ஒன்பது அங்குலம் வருகிறது, அந்த இடம் வேனுக்குள் நிச்சயமாக இருக்கும். படிகளின் இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும். தரைக்கும் முதற்படிக்கும், கடைசிப் படிக்கும் மெத்தைக்கும் உள்ள தூரமும் அதில் அடங்கும், ஏனெனில் இருட்டில் கால் கண்ணை நம்புவதில்லை, முந்திய படியின் அளவையே நம்புகிறது. கொளுக்கியை வெறுமனே மாட்டி விடாமல் ஊசி போட்டுப் பூட்டுங்கள். ஏறும்போது ஏணியைக் கீழே அழுத்துகிறோம். இறங்கத் தொடங்கும்போதோ பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் தள்ளிவிடுகிறோம், கொளுக்கி கழல்வது அப்போதுதான்.

பெரும்பாலான கராஜ்களில் செய்யாமல் விடுவது கைப்பிடி. மெத்தையின் மட்டத்தோடு ஏணி முடிந்துவிட்டால், இறங்குபவர் முதற்படியைக் காலால் தேடும் அந்த நேரத்தில் அவர் பிடித்திருப்பது போர்வையை மட்டுமே. மெத்தைக்கு மேல் ஓரடியாவது நீளும் உறுதியான பிடி ஒன்றை வேனின் இரும்புச் சட்டத்தோடு சேர்த்துப் பூட்டச் சொல்லுங்கள். பலகையில் சிறு திருகாணியால் பூட்டியது பாரம் தாங்காது.

நான் கண்டியில் வாங்கிய மடிப்பு ஏணி ஒன்றின் இறப்பர் அடிகள் முதல் மழைக்காலத்திலேயே கழன்று விழுந்தன. அடி தனியாகக் கிடைக்காது, புதிய ஏணிதான் வாங்க வேண்டும் என்று கடையில் சொன்னார்கள். அதற்குப் பிறகு, மாற்று உறுப்புக் கிடைக்குமா என்று கேட்காமல் நான் ஏணி எதையும் வாங்குவதில்லை; நீங்களும் கேளுங்கள்.

கேள்வி: ஏணிக்குப் பதிலாக பிளாஸ்டிக் கதிரை ஒன்றை வைத்துக்கொள்ளலாமா? (தலவாக்கலை)

பதில்: கூடாது.

கேள்வி: எங்கள் காம்பரா சிறியது என்பதால் இரும்பு அடுக்குக் கட்டில் வாங்கியிருக்கிறோம். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு நான்கு. மேலே படுக்கத்தான் வேண்டும் என்று மகள் அழுகிறாள். (ஹட்டன்)

பதில்: அழட்டும், அம்மா. ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தையை மேல்தட்டில் படுக்கவைக்கக் கூடாது என்பதை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கட்டிலிலேயே எழுதி விற்கிறார்கள். நம் கடைகளில் அந்த எழுத்தை நான் இன்னும் காணவில்லை. பகலில் விளையாட்டாகவும் அவளை மேலே விடாதீர்கள், இரவில் ஏணியைக் கழற்றி வைக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். அது மகன் இறங்கும் வழி. மேல்தட்டுக்கும் கூரைத் தகரத்துக்கும் நடுவில் அவன் நிமிர்ந்து உட்கார இடம் இருக்கிறதா என்றும், மின்குமிழின் வயர் கைக்கெட்டும் தூரத்தில் தொங்குகிறதா என்றும் இன்றே பாருங்கள்.

கேள்வி: படத்தைப் பார்த்து இணையத்தில் அடுக்குக் கட்டில் வாங்கினேன். மெத்தை மெல்லியதாக இருந்ததால் எட்டு அங்குல மெத்தையாக மாற்றினேன். இப்போது பக்கத் தடுப்பு மெத்தைக்கு மேல் இரண்டு அங்குலம்தான் தெரிகிறது. விற்றவர் மீது முறையிடலாமா? (வெலிமடை)

பதில்: எதற்காக முறையிடுவது? தடுப்பை விற்றவர் குறைக்கவில்லை, மெத்தையை நீங்கள் உயர்த்தினீர்கள். மெத்தையின் மேற்பரப்பிலிருந்து தடுப்பின் உச்சி வரை அமெரிக்க விதியில் ஐந்து அங்குலமும், ஐரோப்பிய நியமத்தில் 160 மில்லிமீற்றரும் இருக்க வேண்டும். இரண்டு அங்குலத் தடுப்பு, புரண்டு படுப்பவரை நிறுத்தாது. அவரது இடுப்பு அதற்கு மேலாகவே உருண்டுவிடும். பழைய மெத்தையைத் திரும்பப் போடுங்கள். அளவுநாடா ஒன்று வாங்க முடியாத அளவுக்குக் கட்டில் உங்களைக் கடனாளி ஆக்கியிருக்காது என்று நம்புகிறேன். அடுத்த முறை காசு கொடுப்பதற்கு முன் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். படுக்கை உள்ள வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கதிர்காமம் போகிறோம். உயரக் கட்டிலில் அவர் ஏறி இறங்க என்ன முறை? (பதுளை)

பதில்: அவருக்குக் கீழே இடம் ஒதுக்குங்கள், இருக்கையை மடித்துப் படுக்கவைக்கலாம் என்றால் அதுவே நல்லது. வேறு வழியே இல்லையென்றால் ஏறுவதைவிட இறங்குவதைப் பகலிலேயே பழக்குங்கள். விழித்தவுடன் எழக் கூடாது. படுக்கையில் உட்கார்ந்து, கால்களைத் தொங்கவிட்டு, ஒரு நிமிடமாவது இருக்க வேண்டும். படுத்திருந்தவர் சட்டென்று நிமிரும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுவதுண்டு, மாத்திரை எடுப்பவர்களுக்கு அது கூடுதலாக நேரும். பிறகு முகம் கட்டிலைப் பார்க்கத் திரும்பி, இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் நகர்த்த வேண்டும். முதுகைக் காட்டி இறங்குவதும், கையில் டோர்ச் லைட்டைப் பிடித்தபடி இறங்குவதும் கூடாது; வெளிச்சம் ஏணியின் அடியில் நிலையாக எரியட்டும். சேலையோ நீண்ட இரவு உடையோ படியில் சிக்காதபடி முழங்காலுக்கு மேல் சொருகிக்கொள்ளச் சொல்லுங்கள். இரவில் அவர் இறங்க வேண்டியிருந்தால் உங்களில் ஒருவர் எழுந்து பக்கத்தில் நில்லுங்கள், அவர் வேண்டாம் என்றாலும்.

கேள்வி: சரிவில் நிறுத்திய வேனில் இறங்கும்போது ஏணி ஆடுகிறது. (நானுஓயா)

பதில்: சமதரை கிடைக்கும்வரை அங்கே படுக்காதீர்கள்.

கேள்வி: கூலிக்காசில் மிச்சம் பிடித்து, தவணைக்கு அடுக்குக் கட்டில் எடுத்தேன். பத்தாம் நாள் ஏணிப்படி ஒட்டுவிட்டுக் கழன்று மகன் விழுந்தான், நல்லவேளை சிராய்ப்பு மட்டும். கடையில் போய்க் கேட்டால், “விற்ற பொருள் மீள எடுக்கப்படமாட்டாது” என்ற பலகையைக் காட்டுகிறார்கள். தவணையையும் கட்டச் சொல்கிறார்கள். (பண்டாரவளை)

பதில்: தங்கச்சி, அந்தப் பலகைக்குப் பயப்பட வேண்டாம். மனம் மாறித் திருப்பிக் கொடுக்கப் போகும் வாடிக்கையாளருக்கு அதைக் காட்டட்டும். பத்து நாளில் ஒட்டுவிடும் ஏணியை ஒரு பிள்ளைக்கு விற்றுவிட்டு அதன் பின்னால் ஒளிய முடியாது. கழன்ற படியை மீண்டும் ஒட்டாதீர்கள், எவரிடமும் கொடுக்கவும் வேண்டாம். ஒட்டு விட்ட இடத்தைக் கிட்டவாகப் படம் எடுத்து வையுங்கள். பற்றுச்சீட்டும் தவணை அட்டையும் கையில் இருக்கட்டும். அவற்றைக் கடையில் கேட்டாலும் பிரதியை மட்டும் கொடுங்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு நீங்கள் முறையிடலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும்; கடைக்காரர் “அடுத்த மாதம் பார்ப்போம்” என்று இழுத்தடிப்பது இந்தக் காலக்கெடுவைக் கடத்துவதற்கும் உதவும் என்பதால் காத்திருக்காதீர்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்கலாம். கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி, சிங்களத்தில் எழுதித் தர ஆள் தேடி அதற்கும் காசு கொடுக்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. வாங்கிய திகதி, விலை, இதுவரை கட்டிய தவணை, மகன் விழுந்த நாள், கடையில் சொன்ன பதில், நீங்கள் கேட்கும் தீர்வு ஆகியவற்றை ஒரு பக்கத்துக்குள் எழுதினால் போதும். தீர்வாக, ஒட்டுப் போட்ட பழைய ஏணியை ஏற்க வேண்டாம். புதிய ஏணியையோ முழுப் பணத்தையோ கேளுங்கள். கடிதத்தின் பிரதி ஒன்றைக் கடைக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அந்தத் தபால் சீட்டையும் பற்றுச்சீட்டோடு சேர்த்து வையுங்கள். அதுவரை மகன் கீழ்த்தட்டிலேயே படுக்கட்டும்.