பதக்கமே இல்லாதவருக்குப் புகழ் மண்டபத்தில் இடமா?

போன இதழில் அயர்லாந்தின் கேலிக் கால்பந்து பற்றி எழுதியிருந்தேன். டப்ளினில் குரோக் பார்க் மைதானத்தோடு சேர்ந்த அருங்காட்சியகத்தில், சிறந்த ஆட்டக்காரர்களைப் போற்றும் ஒரு புகழ் மண்டபம் இருக்கிறது என்று அதில் ஒரே ஒரு வரி வந்தது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டன. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: கேலிக் கால்பந்து என்பது நாம் பார்க்கும் ஃபுட்பால்தானே? அந்த மண்டபத்தில் முதலில் யாரை வைத்தார்கள்?
– வாசகர், திருப்பூர்

இது வேறு ஆட்டம். பக்கத்துக்கு 15 பேர். பந்தைக் கையால் பிடிக்கலாம், முஷ்டியால் குத்தி அனுப்பலாம், உதைக்கலாம். கையில் வைத்துக்கொண்டு நாலு எட்டுக்கு மேல் ஓட முடியாது. தரையில் தட்ட வேண்டும், இல்லையென்றால் காலில் விட்டுத் தட்டித் தன் கைக்கே எடுக்க வேண்டும். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், மூன்று புள்ளி. மேலே போனால் ஒரு புள்ளி. 2025 முதல், 40 மீட்டர் வளைவுக்கு வெளியே நின்று மேலே அடித்தால் இரண்டு. ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆசிரியர், போலீஸ்காரர், விவசாயி என்று எல்லோருக்கும் வேறு பிழைப்பு உண்டு.

இந்த ஆட்டத்தை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம் 1884ல் தொடங்கியது. 1999ல் அவர்கள் 'ஆயிரமாண்டின் அணி' என்று கால்பந்துக்கு 15 பேரையும், 2000ல் மட்டையால் ஆடும் ஹர்லிங்குக்கு 15 பேரையும் அறிவித்தார்கள். 2013ல் மண்டபம் தொடங்கியபோது அந்த 30 பேரும்தான் முதல் வரிசை.

கேள்வி: அதிகப் பதக்கம் வாங்கியவரைச் சேர்த்துவிட்டால் போயிற்று. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?
– வாசகர், சேலம்

நிறைய இருக்கிறது ஐயா. நீங்கள் சொல்லும் அளவுகோலை வைத்தால் அந்த மண்டபம் கெர்ரி என்ற ஒரே கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) குடும்பப் படமாகிவிடும். கவுண்டி அணிகள் மோதும் அகில அயர்லாந்துப் பட்டம் வென்றவர்களுக்குத் தரும் சாம் மகுவயர் கோப்பை 1928ல்தான் வந்தது. ஆனால் பட்டம் அதற்கும் வெகு முன்பிருந்தே உண்டு. அதைக் கெர்ரி 2025 வரை 39 முறை வென்றிருக்கிறது. டப்ளின் 31. ஒரு முறைகூட வெல்லாத கவுண்டிகளும் இருக்கின்றன.

இங்கே ஆட்டக்காரரை விலைக்கு வாங்கும் பேச்சே கிடையாது. பெரும்பாலும் எந்த மண்ணில் பிறந்து எந்தக் கிளப்பில் வளர்ந்தாரோ, அந்தக் கவுண்டிக்குத்தான் ஆடுவார். டப்ளினில் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். லீட்ரிமில் 35 ஆயிரம். இரண்டு இடத்திலிருந்தும் களத்துக்கு வருவது 15 பேர்தான்.

நான் அயர்லாந்தின் ஸ்லைகோவில் செவிலியராக வேலை பார்த்தபோது என் வார்டுக்கு லீட்ரிம் பக்கத்துப் பெரியவர்கள் நிறைய வருவார்கள். மருந்து கொடுக்கப் போனால் பேக்கி மெகார்ட்டியின் பெயர் வராமல் இருக்காது. நானும் அந்தப் பெயரை அங்கேதான் முதலில் கேட்டேன். 1949லிருந்து 1973 வரை லீட்ரிமுக்கு ஆடியவர். அகில அயர்லாந்தை விடுங்கள், மேற்கு மாகாணமான கானாக்டின் பட்டம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1950களின் பிற்பாதியில் லீட்ரிம் மாகாண இறுதிக்கு வரும்போதெல்லாம் எதிரே நின்றது கால்வே. அந்த அணியில் ஷான் பர்செல் இருந்தார்; பிற்பாடு ஆயிரமாண்டின் அணியில் இடம்பிடித்த அதே பர்செல். 1984ல், அகில அயர்லாந்து பதக்கம் வாங்காத வீரர்களுக்கென்றே ஒரு நூற்றாண்டு அணி தேர்ந்தெடுத்தார்கள். அதில் மெகார்ட்டி இருக்கிறார். எனக்கு அது போதாது. பதக்கம் இல்லாதவர்களுக்கு ஏன் தனிப் பந்தி? அவரை பர்செலுக்குப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும்.

இதற்கு முன்னுதாரணம் அந்த மண்டபத்திலேயே இருக்கிறது. 1984ல் சங்கத்தின் நூற்றாண்டு அணியில் நடுக்களத்தில் மிக் ஓ'கானலும் ஜாக் ஓ'ஷேயும். இருவருமே கெர்ரி. ஓ'ஷேயிடம் ஏழு அகில அயர்லாந்து பதக்கம், ஆண்டின் சிறந்த வீரர் விருது நான்கு முறை. 1999ல் என்ன ஆயிற்று தெரியுமா? ஓ'கானல் இருந்தார், ஓ'ஷே இல்லை. அந்த இடத்துக்கு வந்தவர் லீஷ் கவுண்டியின் டாமி மர்ஃபி. 1937ல், 16 வயதில், பெரியவர்கள் அணியில் ஆடியவர். அந்தப் பதினைந்து பேரில் அகில அயர்லாந்து பதக்கம் இல்லாத ஒரே ஆள் அவர்தான். கெர்ரியில் இதைச் சொன்னால் இன்றைக்கும் சண்டைதான் வரும். அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. ஓ'ஷேயை விட்ட பட்டியலை முழுமையானது என்று நானும் சொல்லமாட்டேன். ஆனாலும் மர்ஃபியைத் தேர்ந்தவர்கள் பதக்கத்தை எண்ணாமல் ஆட்டத்தைப் பார்த்தார்கள். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கிறது.

என் அளவுகோல் இதுதான்: பிறந்த இடம் அவருக்கு என்ன கொடுத்தது, அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார்?

கேள்வி: ஒரே ஒரு கோலால் சரித்திரத்தையே மாற்றியவருக்கு இடம் உண்டா?
– வாசகி, காரைக்குடி

நீங்கள் சீமஸ் டார்பியை நினைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1982 இறுதி ஆட்டம். கெர்ரி தொடர்ந்து ஐந்தாவது பட்டத்துக்கு நின்றது. மாற்று ஆட்டக்காரராக இறங்கிய டார்பி கடைசி நேரத்தில் ஒரு கோல் அடித்தார். அவருடைய ஆஃபலி கவுண்டி ஒரே புள்ளியில் வென்றது. அந்தக் கோலுக்கு அருங்காட்சியகத்தில் ஒரு சுவரே கொடுக்கலாம். மண்டபத்தில் நாற்காலி தரமாட்டேன். அது முழு ஆட்ட வாழ்க்கைக்கு உரியது.

கேள்வி: அப்படியானால் பாதியில் நின்றுபோன வாழ்க்கை?
– வாசகர், திருநெல்வேலி

அதே ஆஃபலி அணியில் மாட் கானர் இருந்தார். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து நாட்டிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர். 1980 அரையிறுதியில் கெர்ரிக்கு எதிராக அவர் ஒருவரே இரண்டு கோல், ஒன்பது புள்ளி. கூட்டினால் பதினைந்து. அப்படியும் ஆஃபலி தோற்றது. 1984 கிறிஸ்துமஸ் அன்று கார் விபத்து. அப்போது அவருக்கு 25 வயது. அதன் பிறகு சக்கர நாற்காலி.

இவரைப் பற்றிப் பேசும்போது பலர் 'பாவம், இருந்திருந்தால்' என்று தொடங்குவார்கள். எனக்கு அந்த இரக்கம் வேண்டாம். இனி ஆடியிருக்கக்கூடிய ஆட்டத்துக்காக யாரையும் சேர்க்க வேண்டியதில்லை. 25 வயதுக்குள் அவர் ஆடி முடித்ததே போதும்.

கேள்வி: கோல்கீப்பர்களை யாரும் கண்டுகொள்வதில்லையே?
– வாசகர், ஓசூர்

முதல் பட்டியலிலேயே கெர்ரியின் டான் ஓ'கீஃப் இருக்கிறார். ஆனால் நம் காலத்து ஆள் என்றால் டப்ளினின் ஸ்டீஃபன் கிளக்ஸ்டன். 2011 இறுதி ஆட்டத்தில், கடைசி நொடிகளில், கோல் கம்பத்தை விட்டு முன்னால் நடந்துவந்து ஃப்ரீ கிக் அடித்துக் கெர்ரியை ஒரு புள்ளியில் வீழ்த்தியவர். அதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்தார். முன்பெல்லாம் கோல்கீப்பர் பந்தை நடுக்களத்துக்கு ஓங்கி உதைப்பார். நாலைந்து பேர் எகிறிப் பிடிக்கப் பார்ப்பார்கள். கிளக்ஸ்டன் பந்து கைக்கு வந்த வேகத்தில், ஓடுகிற தன் ஆளின் மார்புக்கு அளந்து அனுப்பினார். மற்ற அணிகளும் அதைக் கற்றுக்கொண்டன. கடைசியில், 2025ல் அந்த உதை 40 மீட்டர் வளைவைத் தாண்டியே ஆகவேண்டும் என்று விதியே வந்துவிட்டது. அந்த விதிகளை எழுதிய குழுவின் தலைவர் ஜிம் கேவின், டப்ளினில் கிளக்ஸ்டனின் பழைய மேலாளர்! இரண்டு பருவம் ஆடாமலிருந்து, 2023ல் 41 வயதில் திரும்பிவந்து ஒன்பதாவது பதக்கமும் வாங்கினார். பதக்கத்தை எண்ணக்கூடாது என்று மேலே சொன்னேன். இவருக்கு எண்ணவே தேவையில்லை.

கேள்வி: பயிற்சியாளர்களையும் சேர்ப்பீர்களா?
– வாசகி, புதுச்சேரி

மிக் ஓ'ட்வயரைச் சேர்க்காத மண்டபம் எனக்கு வேண்டாம். ஆட்டக்காரராக நான்கு பட்டம், கெர்ரியின் மேலாளராக எட்டு. நான் சேர்ப்பது இந்த எட்டுக்காக மட்டும் இல்லை. கெர்ரியை விட்ட பிறகு 1998ல் கில்டேரை லெய்ன்ஸ்டர் மாகாணப் பட்டத்துக்குக் கொண்டுபோனார். 1956க்குப் பிறகு அவர்களுக்கு அதுதான் முதல். 2003ல் லீஷ், அவர்களுக்கு 1946க்குப் பிறகு.

கேள்வி: பெண்கள் ஆடுவதில்லையா? உங்கள் பட்டியலில் ஒருத்தியும் வரவில்லையே.
– வாசகி, தஞ்சாவூர்

வருகிறார்கள். ஆண்கள் சங்கம் தொடங்கிய அதே தர்லஸ் ஊரில், அதே ஹேய்ஸ் ஹோட்டலில், 90 ஆண்டு கழித்து 1974ல்தான் பெண்கள் சங்கம் பிறந்தது. அதனால் 'நூற்றாண்டு', 'ஆயிரமாண்டு' என்று பெயர் வைத்துத் தேர்ந்தபோதெல்லாம் அந்த அணிகளில் ஆண்கள் மட்டுமே.

மேயோவின் கோரா ஸ்டான்டன் 13 வயதில் கவுண்டி அணிக்கு வந்தவர். நான்கு அகில அயர்லாந்துப் பட்டம், ஆண்டின் சிறந்த பதினைந்து பேருக்குத் தரும் ஆல் ஸ்டார் விருது பதினோரு முறை. 1999 இறுதி ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு காறை எலும்பு முறிந்துவிட்டது. அப்படியும் தொடக்க வரிசையில் பெயர் இருந்தது. களத்தில் இறங்கி நின்று, ஆட்டம் தொடங்கியதும் வெளியே வந்தார். மேயோ வென்றது. கெர்ரியின் மேரி ஜோ கரன் அவருக்கும் முந்திய தலைமுறை. கெர்ரிப் பெண்கள் 1982 முதல் 1990 வரை தொடர்ந்து ஒன்பது பட்டம் வென்ற அணியின் நடுக்களம் அவர்.

இவர்களுக்குத் தனி அறை கட்டலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மெகார்ட்டிக்கு எந்தச் சுவரைக் கேட்டேனோ, ஸ்டான்டனுக்கும் கரனுக்கும் அதே சுவரைத்தான் கேட்கிறேன்.