ஃபோன் அதிர்ந்தாலே நெஞ்சு படபடக்கிறது என்ற கேள்விக்கு

வணக்கம். வேலை முடிந்த பிறகும் ஃபோன் அதிர்ந்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, இசிஜி நன்றாக இருக்கிறது, டாக்டர் 'ஒன்றுமில்லை' என்கிறார், ஆனால் படுத்தால் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இது உங்கள் மனப்பிரமை இல்லை. ஆபத்து வந்தால் உடலைத் தயாராக்கும் பரிவு நரம்பு மண்டலம் உஷார் நிலையிலேயே நின்றுவிட்டால் சின்ன அதிர்வுக்கும் அட்ரினலின் சுரக்கும், இதயம் ஓடத் தொடங்கும்.

ஒன்று செய்து பாருங்கள். மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரல்களை வைத்து நாடியைப் பிடியுங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்றே நெருங்கி வரும், விடும்போது விலகும். மூச்சை விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு அதற்குக் கடிவாளம் போடுகிறது. அதனால் 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஒரு எண்ணுக்கு ஒரு நொடி என்றால் நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். 5 நிமிடம் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். படபடப்பு வந்த பிறகு மட்டும் செய்யாதீர்கள். சும்மா இருக்கும்போதே தினமும் பழகினால்தான் அவசரத்துக்குக் கைகொடுக்கும். எனக்கு இது பிடிபட மூன்று வாரம் ஆனது, சலித்து விட்டுவிடாதீர்கள்.

மாலை 6 மணிக் காபியை விட்டுவிடுங்கள். அதிலுள்ள கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ஃபோனைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள்.

மயக்கமோ நெஞ்சுவலியோ சேர்ந்து வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். தைராய்டு, ரத்தசோகை இரண்டும் இதே படபடப்பைத் தரும். அந்த ரத்தப் பரிசோதனைகள் எடுத்தீர்களா?